மேசையில் வைக்காத கத்தி

ஈரத்தை முதலில் கண்டாளா, சத்தத்தை முதலில் கேட்டாளா என்பது சிசிலிக்கு இப்போது நிச்சயமில்லை. நாட்களை இடம்மாற்றி வைத்திருக்கிறாளோ என்றும் சந்தேகம். கணவர் பேனாட் இறந்து, முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த வாரம் என்பது மட்டும் சரி. 2006 ஜனவரி.

சமையலறை லாச்சியை இழுத்துத் திறந்தாள். பழைய துவாயால் சுற்றி வைத்திருந்த ஜப்பானியக் கத்தியின் மரப்பிடி ஈரமாக இருந்தது. கழுவிய ஈரமல்ல. நெடுநேரம் பிடித்திருந்த உள்ளங்கையின் ஈரம்.

அவர்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் நகரில், பேனாட் ஜான்-டலோன் என்ற சந்தையில் சீஸ் கடையொன்றில் வேலை செய்தார். கல்லாக இறுகிய பெரிய சீஸ் வட்டுகளை அந்தக் கத்தியால்தான் பிளப்பார். பூச்சில்லாத வெள்ளைப் பிடியில் அவருடைய விரல்கள் படிந்த இடம் மட்டும் கறுத்திருந்தது. மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து தீட்டுவார். யார் கேட்டாலும் கையில் கொடுக்கமாட்டார். மேசையில் வைப்பார், கேட்டவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தி கைமாறினால் சண்டை வருமாம். கடையிலிருந்த பிரெஞ்சுக்காரர்களையும் அப்படியே பழக்கியிருந்தார்.

டிசம்பரில் அந்தக் காலை, வேலைக்குப் போகக் கத்தியைச் சுற்றிக்கொண்டிருந்தார். சிசிலி பிடியில் கைவைத்தாள்.

"இண்டைக்குப் பிள்ளையின்ர பிறந்தநாள். போகாதேங்கோ."

"விடுமப்பா. மேசையில வைக்கிறன். கைமாறினால் சண்டை."

"இதைவிடப் பெரிய சண்டை இனி என்ன வரக் கிடக்கு?"

இழுத்தாள். அலகு அவருடைய உள்ளங்கையைக் கீறிக்கொண்டு வந்தது. அவர் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, கத்தியை அவளிடமே விட்டுவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனார். இரண்டு மணிக்குக் கடையில் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தார். பெட்டிக்குள் கிடந்தபோதும் கையில் அந்தப் பிளாஸ்டர் இருந்தது.

பிறகு சத்தம். ஐந்து மணிக்கே சன்னல்கள் கறுத்து, சூடேற்றி முனகத் தொடங்கி, நனைந்த சப்பாத்துகளின் மணம் நடைவழியில் நிறையும் நேரத்தில், இறுகிய சீஸுக்குள் அலகு இறங்கும் மெல்லிய கரகரப்பும், உள்ளங்கையால் ஓர் அழுத்தமும், பலகையில் 'டொக்' என்று முடிவதும் சமையலறையிலிருந்து கேட்டன. போய்ப் பார்த்தால் யாருமில்லை. பலகையில் அவர் கடைசியாகக் கொண்டுவந்த சீஸ் துண்டு. பக்கத்தில் மெல்லிய இரண்டு சீவல்கள். தேநீரோடு அவர் அவளுக்கு வைப்பது அப்படித்தான். அவளுக்கு அந்த மணமே பிடிக்காது, ஒருநாளும் தொட்டதில்லை. அன்று தின்றாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. சத்தம் நின்றுவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

"அக்கா, அவர் வாறார்," என்றாள் தொலைபேசியில்.

"விசர்க்கதை கதையாதை. கத்தியைக் கொண்டே எறி," என்றாள் ஸ்காபரோவிலிருந்து றோஸ்மேரி.

"எறிஞ்சால் பேந்து எதுக்கு அவர் வாறது?"

எறியவில்லை. அது அவள் செய்த இரண்டாவது பிழை.

ஒரு மாலை சத்தம் பாதியில் நின்றது. அந்த அமைதிக்குள் ஏழு வயது மகள் மெலனியின் குரல், பிரெஞ்சில் நன்றி சொல்லி.

"மெர்சி, பப்பா."

சிசிலி ஓடினாள். சமையலறையில் விளக்கில்லை. தெருவெளிச்சம் மட்டும். பிள்ளை கையை நீட்டியபடி நின்றாள். அவளுக்கு எதிரே கத்தி. அந்தரத்தில். பிடி பிள்ளையின் பக்கம்.

"கையில குடுக்காதேங்கோ! மேசையில வையுங்கோ!"

கத்தி அசையவில்லை.

"அம்மா," என்றாள் மெலனி, "பப்பாவின்ர கையில ரத்தம்."

பிள்ளையை இழுத்துத் தனக்குப் பின்னால் விட்டாள். கையை நீட்டினாள்.

"எனக்குத் தாங்கோ."

பிடி மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. பிடித்தாள். சூடு. அவருடைய சூடு. அவர் விடட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த வாரமே றோஸ்மேரி வந்து மெலனியைக் கூட்டிப்போனாள். மெலனி ஸ்காபரோவில் வளர்கிறாள்; சீஸ் தின்பதில்லை. பேனாட் மலையடிக் கல்லறையில் இருக்கிறார். சிசிலி அதே வீட்டில் இருக்கிறாள். மாலை ஐந்து மணிக்கு, விளக்குப் போடாத சமையலறையில், கத்தியின் பிடியைப் பிடித்தபடி நிற்கிறாள். மறுபக்கம் அலகை அவர் இன்னும் விடவில்லை. இன்னொரு முறை இழுக்க அவளுக்கு மனமில்லை. பலகையில் சொட்டிக்கொண்டிருக்கிறது.