தொட்டிலின் உள்பக்கம்

தொட்டிலின் வெளிப்பக்கம் அப்படியே இருந்தது. உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருந்தது. வானவடிப் பகுதியில் காலி செய்த ஒரு பங்களாவிலிருந்து ஹெர்பர்ட் வாங்கிவந்த பழைய தேக்குத் தொட்டில். தலைமாட்டுப் பலகையில், கைக்குழந்தையின் வாய் படும் உயரத்தில், மரம் வழவழவென்று குழிந்து கிடந்தது. செல்வமேரி அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"துணி உரசியிருக்கும், வேற என்ன?" என்றான் அவள் கணவன் ஹெர்பர்ட். "சனிக்கிழம வாங்குற பார்ட்டி வருவாக. அதுக்குள்ள பெயிண்ட் அடிச்சு வையி."

அவர்கள் கடையில் விற்கும் பழைய சாமான்களில் மூட்டும் ஆணியும் அவன் வேலை. பால் பெயிண்ட் அவள் வேலை. பாலைத் திரியவைத்து வடிகட்டி, சுண்ணாம்பும் செங்காவியும் குழைத்துப் பூசுவாள். வியாழக்கிழமை விடாத மழை. அவர்கள் குடியிருந்த ஏரவாடா சந்துக்குள் பால்காரர் வரவில்லை. ஆனால் மூன்று மாதப் பிள்ளை குடித்தது போக மீந்த பாலில் அவள் மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. பீய்ச்சிய தாய்ப்பாலைக் கால்படும் இடத்தில் கொட்டக் கூடாதென்று தினமும் அரளிச்செடிக்குத்தான் ஊற்றுவாள். அன்றைக்குச் செடியே வெள்ளத்தில் நின்றது. கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்தாள். உள்பக்கத்துக்கு மட்டும் போதும். எலுமிச்சை பிழிந்தும் சரியாகத் திரியவில்லை. அப்படியே குழைத்துப் பூசினாள்.

வெள்ளி காலையில் அந்தக் குழிவில் வெறும் மரம். சுற்றிலும் ஈரம்.

"என்னங்க, யாரோ நக்குன மாதிரி இருக்குங்க."

"சீனி கீனி போட்டுட்டியா? எலி விருந்து சாப்பிட்டிருக்கும்!"

எதைக் கலந்தோம் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "இன்னைக்கே இத கடைக்குக் கொண்டு போயிருங்க."

"இந்த மழையிலயா? நாளைக்கு அவுகளே வந்து தூக்கிட்டுப் போவாக."

அவன் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான். நாளைக்கு விற்க வேண்டுமே என்று மீதிப் பெயிண்டையும் அவள் பூசினாள். மத்தியானம் அதுவும் இல்லை.

பிள்ளை பசியில் வீறிட்டது. மடியில் போட்டாள். சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நேற்றுவரை கட்டி வலித்த மார்பு காலிப் பையாகத் தொங்கியது. தகர ஓட்டில் விழும் மழை, காயாத துணிகளின் மக்கல் வாடை, சுவர் ஓரம் ஊறிய சுண்ணாம்பு, இவற்றுக்கெல்லாம் அடியில் எங்கிருந்தோ புளித்த பாலின் வீச்சம் ஒன்று மெல்ல ஏறி அந்த ஒற்றை அறையை நிறைத்தது. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. சர்க்கரைத்தண்ணீர் தொட்டு வைத்தாள். பிள்ளை துப்பிவிட்டது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

அப்போது கேட்டது.

ச்சப். ச்சப்.

பிள்ளையின் வாயைப் பார்த்தாள். மூடியிருந்தது.

ச்சப். ச்சப். தொட்டிலிலிருந்து.

அவள் மார்பு சுரீரென்று இழுத்தது. பால் இறங்கியது. ரவிக்கை நனைந்தது. அவசரமாகப் பிள்ளையின் வாயில் வைத்தாள். நின்றுபோனது. ஒரு சொட்டு இல்லை.

"யேசுவே."

பிள்ளையை அள்ளிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். மழையில் ஊறி உப்பிய கதவு. இழுத்தாள். அசையவில்லை. உதைத்தாள். "பவுன் அக்கா! அக்கோவ்!" பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினாள். மழை அதை விழுங்கியது.

காலித் தொட்டில் மெல்ல ஆடியது. பிறகு சிணுங்கியது. பசித்த பிள்ளையின் சிணுங்கல்.

அவள் கைகள் பிள்ளையைப் பாயில் கிடத்தின. அவள் கிடத்தவில்லை. கால்கள் தொட்டிலை நோக்கி நடந்தன. வேண்டாம் என்று கத்தப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. முழங்கால் மடிந்தது. விரல்கள் ரவிக்கையை ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றின.

பின்னால் அவள் பிள்ளை ஒருமுறை விக்கியது.

பலகையின் குழிவில், செங்காவி படிந்த இரண்டு சின்ன உதடுகள் திறந்திருந்தன.