திராட்சை வாசம்

இன்குபேட்டரைத் திறந்ததும் திராட்சை மணத்தது.

"யாரு மாஜிதா, பழம் வச்சது?" என்றாள் பொன்செல்வி.

"லேபுக்குள்ள யாரு மேடம் பழம் கொண்டுவருவா?" என்றாள் உதவியாளர் மாஜிதா, தலை நிமிராமலே.

சீசன் நேரத்தில் தென்காசிக்குள் பழ வாசம் அதிசயமில்லைதான். சாரலில் நனைந்த ரோடெல்லாம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்துவைத்து, குற்றாலம் போகிறவர்களைக் கூவி அழைப்பார்கள். ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது. வாசம் உள்ளேயிருந்த தட்டிலிருந்து வந்தது. அவள் கணவன் கிங்ஸ்லி ஐந்தருவிப் பாறையில் வழுக்கிக் குதிகாலைக் கிழித்துக்கொண்டு ஒன்பது நாள் ஆகிறது. "இந்தப் புண்ணுக்கு ஆஸ்பத்திரியா?" என்று சிரிக்கிற ஆள். ஆறாத அந்தப் புண்ணின் சீழை நேற்று அவளே எடுத்து அந்தத் தட்டில் வளர்க்க வைத்திருந்தாள். மேலே மருந்து ஏற்றிய குட்டிக் காகித வில்லைகள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளியும். பன்னிரண்டு வில்லைகளில் ஒன்றைச் சுற்றியும் வட்டமில்லை. கிருமி வில்லைகளின் மேலேயே பச்சையாக ஏறிப் படர்ந்திருந்தது.

அதற்காக விட்டுவிடுவாளா? பதினாறு வருஷமாகக் கிருமியோடு மல்லுக்கட்டுகிறவள்.

"என் வீட்டு ஆளு மேலயா கை வைக்கே? இருலே, வாரேன்."

இரண்டாவது தட்டை எடுத்தாள். அதில் இரண்டு மருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். நடுவே நகக்கண் அளவு தெளிந்திருந்தது. சந்தோஷத்தில் உடனே வீட்டுக்கு போன் போட்டாள்.

"காலையில இருந்து வலியே இல்லட்டி," என்றான் கிங்ஸ்லி. "காலு இருக்கதே தெரியல. ஆமா, என்ன பழம் வாங்கி வச்சிருக்கே? வீடெல்லாம் மணக்குது."

பழம் எதுவும் அவள் வாங்கவில்லை. தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். தெளிந்த இடத்தின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, சாரலில் ஸ்கூட்டரை விரட்டினாள். தெருமுனையிலேயே மணம். வாசலில் இன்னும். கட்டிலில் கிங்ஸ்லி தூங்கிக்கொண்டிருந்தான். குதிகால் கட்டு வெள்ளையாகவே இருந்தது.

கைலியை விலக்கினாள்.

கட்டுக்கு மேலே பச்சை. முழங்கால் வரை.

கழற்றாமல் வந்த லேப் கோட்டின் பையிலிருந்து மார்க்கரை எடுத்தாள். முழங்காலுக்கு மேலே அழுத்திக் கோடு போட்டாள்.

"இதத் தாண்டுலே, பார்ப்போம்."

மை காயவில்லை. தாண்டியது.

அதற்கு மேலே இன்னொரு கோடு. தாண்டியது. இன்னொன்று. அவள் கை நிற்கவில்லை.

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியபோது, ஏழாவது கோட்டை அவன் நெஞ்சில் போட்டுக்கொண்டிருந்தாள்.