மிஞ்சிய துண்டு

கயிற்றில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது.

குழாய்க்குள் வேலை பார்த்த ஆட்கள் எல்லாரும் மேலே ஏறி, அவரவர் துண்டை உருவி முகம் துடைத்துக்கொண்டு, பாக்குத்தோப்பு வேலியோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வால்வு ரூம் சுவரிலிருந்து வேப்பமரம் வரைக்கும், குழாய்க்காகத் தோண்டிய குழிக்கு நேர் மேலாகக் கட்டியிருந்த அந்தக் கயிறு இந்நேரம் காலியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நடுவில், சாயம் போன சிவப்புக் கட்டம் போட்ட துண்டு ஒன்று தொங்கியது. மலையிலிருந்து இறங்கிய காற்று பக்கத்துத் தோட்டத்துக் கறிவேப்பிலையை எல்லாம் உலுக்கி வாசத்தை அள்ளிக்கொண்டு போனது. துண்டு மட்டும் அசையவில்லை. அதன் முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது யாருதுங்கண்ணா?" என்று கேட்டாள் கீதா.

மேஸ்திரி திருமலைசாமி நிமிர்ந்து பார்த்துவிட்டு டீயை ஊதினார். "யாருதும் இல்லீங்க அம்மணி. போன தடவை வேலைக்கு வந்தப்பவும் கிடந்துச்சு. கிடக்கட்டும்."

"நனைஞ்சிருக்குதே?"

"காத்துல சாரல் அடிச்சிருக்குமுங்க."

காரமடைப் பக்கம் மழை பெய்து ஒரு மாதமாகிறது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். காலையிலிருந்து அவள் சொன்ன எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையிலிருந்து என்ன, மூன்று வருஷமாகவே அப்படித்தான்.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஆற்றில் எடுக்கிற தண்ணீரை விமானப்படைத் தளத்துக்குக் கொண்டுபோகிற குழாய் அது. ஒரே குழாய். ஒரே குழாயை நம்பி ஒரு விமானத்தளம் இருக்கக்கூடாது, இன்னொன்று போடுங்கள், முடியாவிட்டால் நடுவில் ஒரு தேக்கத்தொட்டியாவது கட்டுங்கள் என்று உதவிப் பொறியாளர் கீதா ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து சொன்னாள். "குழாய்க்கு ஜாதகம் பாக்காதீங்க கீதா" என்று செயற்பொறியாளர் லட்சுமணசாமி முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்துவார். எல்லாரும் சிரிப்பார்கள். இப்போது வடக்கே மலை உச்சிகளில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தளத்தில் ராத்திரி பகலாக விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இன்று விடிகாலையில், அவள் வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்த அதே இடத்தில் குழாய் வாய் பிளந்தது.

நாள் முழுக்க உள்ளேயும் வெளியேயும் வெல்டிங் அடித்து இப்போதுதான் முடித்திருந்தார்கள். இனி குழாயில் ஆள் இறங்குகிற வாயின் மூடியைப் பூட்டி, வால்வைத் திறந்து, தண்ணீர் விட வேண்டியதுதான்.

பூட்டுமுன் செய்கிற வழக்கம் ஒன்று உண்டு. குழாய்க்குள் இறங்குகிறவன் துண்டைக் கயிற்றில் போட்டுவிட்டுத்தான் இறங்குவான். ஏறியதும் அவனே எடுத்துக்கொள்வான். துண்டெல்லாம் எடுத்த பிறகும், மேஸ்திரி குழாயை ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டிக் காது வைப்பார். உள்ளே ஆள் இருந்தால் இரண்டு தட்டு பதில் வரும். பொறு என்று அர்த்தம். வெளியே பேசுவது உள்ளே இருப்பவனுக்குக் காதோரம் பேசுவதுபோலக் கேட்கும். உள்ளிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே வண்டு முரல்கிற மாதிரிதான் இருக்கும். அதனால்தான் தட்டு.

திருமலைசாமி குழிக்குள் இறங்கி மூன்று தட்டு தட்டினார். காது வைத்தார். அவர் முகம் மாறவில்லை. ஆனால் காதை எடுக்கவும் இல்லை.

கீதாவுக்கு மேலே நின்றபடியே கேட்டது. டங். டங்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"எவன்டா உள்ள தூங்கறது?" என்று கேட்டுக்கொண்டே மேஸ்திரி தலைகளை எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள். கோட்டைமேட்டிலிருந்து வந்திருந்த வெல்டர் யாகூப், எண்ணி முடித்ததும் சிரித்தான். "என்னை ரெண்டா எண்ணிப்பாருங்க மேஸ்திரி, நான்தான் ரெண்டு ஆள் வேலை செஞ்சேன்."

"வாய் இருக்குதில்ல, நீயே போய்ப் பாரு."

யாகூப் துண்டைக் கயிற்றில் போட்டுவிட்டு லைட்டோடு போனான். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. "யாரும் இல்லீங்க மேடம்" என்றான். துண்டை எடுக்கும்போது பக்கத்துச் சிவப்புத் துண்டில் கை பட்டுவிடாமல் ஒதுங்கி எடுத்தான்.

இந்தத் தடவை ஸ்பேனரைக் கீதா வாங்கினாள். மூன்று தட்டினாள். இரும்பில் காதை வைத்தாள். பகலெல்லாம் வெயிலிலும் நெருப்பிலும் கிடந்த இரும்பு, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டது. உள்ளே பெரிய சங்குக்குள் இருப்பதுபோல ஒரு நீண்ட ஓசை. அதற்கும் உள்ளே, வெகு தூரத்தில், அவசரப்படாமல்.

டங். டங்.

வால்வு ரூமில் போன் அடித்தது.

"என்னாச்சு கீதா?" லட்சுமணசாமியின் குரலில் பதற்றம் எரிச்சலாக மாறியிருந்தது. "ஒன்பது மணிக்குள்ள தளத்துல தண்ணி நிக்கணும். தீயணைப்புத் தொட்டி காஞ்சு கிடந்தா ஒரு விமானத்தையும் இறக்க மாட்டாங்க. அவங்க என்னைப் பிடுங்கறாங்க."

"உள்ளே தட்டுதுங்க சார்."

"ஆளுங்க எல்லாம் மேல வந்தாச்சா?"

"வந்தாச்சுங்க."

"அப்புறம் யார் தட்டறது?"

"அதைத்தானுங்க சார் நானும் கேக்கறேன்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "இரும்பு ஆறுது கீதா. பகலெல்லாம் வெல்டிங் சூடு. சுருங்கறப்ப சத்தம் வரத்தான் செய்யும். இதுகூடவா உங்களுக்குச் சொல்லித் தரணும்?"

"ஆறுற இரும்பு எண்ணித் தட்டாதுங்க சார். எப்பத் தட்டினாலும் ரெண்டுதான் வருது."

"இத பாருங்க. திறங்க, இல்லாட்டி நான்தான் நிறுத்தினேன்னு எழுதிக் குடுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்திலிருந்த சிரிப்பு. "மூணு வருஷமா எழுதித்தானுங்க சார் குடுத்தேன்" என்று சொல்லி முடிக்குமுன் அவர் வைத்துவிட்டார்.

வெளியே இருட்டிவிட்டது. மலை, வானத்தைவிடக் கறுப்பாக நின்றது. குழிமேல் தொங்கவிட்ட குண்டு பல்பைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்தன. ஆட்கள் அவளையே பார்த்தார்கள். திறந்தால், உள்ளே யாராவது இருந்தால், அந்த உயிர் அவள் கணக்கு. திறக்காவிட்டால், இறங்க இடமில்லாமல் வானத்தில் சுற்றுகிறவர்கள் அவள் கணக்கு. லட்சுமணசாமியின் கணக்கில் எதுவும் இருக்காது. அந்த நினைப்பு அவளுக்குப் பயத்தைவிட அதிகமாக ஆத்திரத்தைக் கொடுத்தது.

"யாகூப், இன்னொரு தடவை?"

அவன் தரையைப் பார்த்தான். "என்ன சொன்னாலும் செய்யறேன் மேடம். அது மட்டும் வேண்டாம்."

"அப்ப நானே போறேன்."

"அம்மணி, நீங்க போவக்கூடாதுங்க" என்று எழுந்தார் திருமலைசாமி.

"யார் சொன்னா நீங்க கேக்கறீங்கண்ணா? நான் பார்த்துட்டு வந்து சொன்னாலாவது ஒருத்தராவது கேப்பீங்களா?"

அவர் கயிற்றை நிமிர்ந்து பார்த்தார். "துண்டு போடாம இறங்கக்கூடாதுங்க" என்று மட்டும் சொன்னார்.

அவளிடம் துண்டு ஏது? ஜீப்பில் டிபன் கேரியர் இருந்தது. காலையில் அவள் புருஷன் மதன்குமார், குழம்பு கொட்டிவிடப் போகிறது என்று அதை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தான். பச்சைக்கரை, ஓரத்தில் மஞ்சள் கறை. "நாட்டைக் காப்பாத்திப்போட்டு நேரத்துக்கு ஊட்டுக்கு வாங்க மேடம்" என்று அவள் மூக்கைப் பிடித்து ஆட்டினான். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் அந்தக் கிண்டல் போகவில்லை. அவசரத்தில் அவள் சிரிக்காமலேயே வந்துவிட்டாள். இப்போது முடிச்சை அவிழ்க்கும்போது அது உறுத்தியது. வீட்டுக்குப் போனதும் முதலில் அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

துண்டைக் கயிற்றில் போட்டாள். குழிக்குள் இறங்கும்போது சிவப்புத் துண்டிலிருந்து ஒரு சொட்டு அவள் பிடரியில் விழுந்தது. ஆற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி.

குழாய்க்குள் நிமிர முடியாது, தவழத்தான் முடியும். வெல்டிங் புகையும், ஈரத் துருவும், எங்கோ தேங்கிய பாசியும் கலந்த வாடை தொண்டையில் படிந்தது. அவள் மூச்சு முன்னால் போய் எதிலோ முட்டி, சற்றுத் தாமதித்து, வேறு யாருடைய மூச்சோ என்பதுபோலத் திரும்பி வந்தது. முழங்கால் வைத்த இடமெல்லாம் இரும்பு முனகியது. கையில் இருந்த கண்ணாடி வளையல்கள் அந்த நிசப்தத்தில் கோவில் மணிபோலக் கிணுகிணுத்தன. மேலே மேஸ்திரி யாரிடமோ "பாத்து இருங்கடா" என்று சொன்னது காதுக்குள்ளேயே கேட்டது.

ஒட்டின இடம் வந்தது. புது வெல்டிங் தழும்புபோல மின்னியது. அதைத் தாண்டிக் குழாய் வளைந்தது. வளைவு வரை டார்ச் அடித்தாள். யாரும் இல்லை.

யாரும் இல்லைதான். போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் போதாது. அவளுக்கே தெரிய வேண்டும். ஸ்பேனரை எடுத்து மூன்று தட்டினாள்.

பதில் தூரத்திலிருந்து வரவில்லை. அவள் ஊன்றியிருந்த உள்ளங்கைக்குக் கீழேயிருந்து வந்தது.

டங். டங்.

டார்ச் அணைந்தது. தட்டினாள், உதறினாள். எரியவில்லை.

இருட்டில் எதுவோ அசைந்தது. வளைவிலிருந்து. அவசரமில்லாமல். முழங்கால் வைத்து, கை வைத்து. இரும்பு முனகியது. அவள் குழாயின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டாள். மூச்சை அடக்கினாள். அது நெருங்கியது. ஈரமான துணி அவள் கன்னத்தில் உரசியது. முதலில் பாசி வாடை. அப்புறம் தேங்காய் எண்ணெய். காலையில் வைத்த கனகாம்பரம். அவளுடைய தலையின் வாசம்.

அது கடந்துபோனது. மூடியை நோக்கி.

போகும்போது வளையல் கிணுகிணுத்தது.

கீதா தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் கை.

"வந்துட்டீங்களா அம்மணி." திருமலைசாமியின் குரல், காதோரத்தில். "கையைக் குடுங்க. என்னுங்க இது, இப்படிச் சில்லுனு இருக்குது."

"உள்ள ஈரமுங்கண்ணா."

அவளுடைய குரல். அவளுடைய இழுப்பு. அந்த 'அண்ணா'கூட.

கீதா கத்தினாள். கத்தல் குழாய் முழுக்க உருண்டு அவள் காதிலேயே திரும்பி விழுந்தது. தவழ்ந்தாள். முழங்கால் கிழிந்தது. தூரத்தில் பல்பு வெளிச்சம், வட்டமாக, ஒரு தட்டளவு.

"வண்டு கத்துதுங்க" என்றான் யாகூப்.

"உள்ள யாரும் இல்லீங்களே அம்மணி?"

"யாரும் இல்லீங்க. பூட்டிப்போட்டு வால்வைத் திறங்கண்ணா."

வட்டத்துக்குக் கீழே வந்துவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். கயிறு தெரிந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று நீண்டு, பச்சைக்கரைத் துண்டை உருவியது. மஞ்சள் கறை ஒருகணம் வெளிச்சத்தில் பட்டது. கையை உயர்த்தினாள். விரல் நுனி வெளிச்சத்தைத் தொட்டது. அதற்குள் மூடி நகர்ந்து வந்தது.

"இந்தச் சிவப்பு ஒண்ணு கிடக்குதுங்களே அம்மணி?"

"அது யாருதும் இல்லீங்க. கிடக்கட்டும்."

போல்ட்டுகள் இறுகின. ஒவ்வொன்றாக. பிறகு, தலைக்கு மேல், மூன்று தட்டு.

ஸ்பேனர் எங்கோ விழுந்துவிட்டது. முஷ்டியால் அடித்தாள். டங். டங். பொறு. பொறுங்க. டங். டங்.

மூடிமேல் யாரோ காதை ஒட்டிவைக்கிற உரசல் கேட்டது.

"இரும்பு ஆறுதுங்கண்ணா" என்றது அவளுடைய குரல், மூடிக்கு அந்தப் பக்கமிருந்து, காதோரம் பேசுவதுபோல. "பகலெல்லாம் வெல்டிங் சூடு. நான் கிளம்பறேனுங்க. ஊட்டுல அவர் காத்துட்டிருப்பார்."

ஜீப் கிளம்பியது. மேட்டுப்பாளையம் பக்கமிருந்து, குழாயின் நீளம் முழுக்க, எதுவோ ஒரு பெருமூச்சு விட்டது. முதலில் காற்று வந்தது. கறிவேப்பிலை இல்லை, மழை இல்லை, ஆற்றின் அடிமண் வாசம் மட்டும். தலைமுடி முன்னால் பறந்தது. முழங்காலுக்கடியில் இரும்பு நடுங்கியது.

கீதா தட்டினாள்.

இரண்டு.