பூதத்துக்கு ஓட்டு உண்டா?

"வீ...ல்!"

டோரீனின் அலறலில் காபிக் கோப்பை கவிழ்ந்தது. பூனை ஃப்ரிட்ஜ் மேல் தாவியது.

காரணம்...

பிணம்!

மதுக்கடையின் நடுவில், மேஜைக்கு அடியில், குப்புறக் கிடந்தது. சிவப்புத் தாடி வைத்த ஒரு குள்ளன். முதுகில் கோடாலி... பிடி வரைக்கும் இறங்கியிருந்தது!

போலீசுக்குப் போன் போட வேண்டாம். அந்த மதுக்கடை இருந்தது கம்ப்யூட்டர் திரைக்குள்.

'கற்கோட்டை' என்ற ஆன்லைன் விளையாட்டு. இளவட்டங்கள் புது விளையாட்டுகளுக்கு ஓடிப்போய் வெகுகாலம் ஆகிறது. மிஞ்சியது நாலு கிழங்கள். டிராகன் வேட்டையை மறந்துவிட்டு, மதுக்கடையில் உட்கார்ந்து அரசியலும் தத்துவமும் பேசிக் கழுத்தறுப்பதுதான் அவர்கள் விளையாட்டு.

நாலில் ஒன்றை இரண்டு வருடமாகக் காணவில்லை. வெண்டெல்! போன் நம்பர் கிடையாது. ஊர் தெரியாது. கேட்டால், 'சொன்னா கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சிடும்' என்பான்.

இந்தச் சிவப்புத் தாடிக் குள்ளன்... வெண்டெலின் குள்ளன்!

டோரீன் ஹெட்போனை மாட்டினாள்.

"கஸ்! லோர்னா! ஓடி வாங்க!"

திரையில் கவசம் போட்ட வீரன் ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். அவனை ஆட்டுகிறவர் கஸ். வினிபெக் நகரவாசி. குப்பை வண்டிக்கு வரி கட்டுவதையே அடிமைத்தனம் என்று நினைப்பவர்.

"என்ன டோரீன் இப்படிக் கத்தற? நீ உங்க டுலூத் ஊர்ல கத்தினது ஹெட்போன் இல்லாமயே இங்க கேட்டுது!"

"செத்துட்டான் கஸ்! வெண்டெல் செத்துட்டான்!"

"அதை ஏன் சிரிச்சுக்கிட்டே சொல்ற?"

"யோவ், யோசிச்சுப் பாரு! உள்ள வராதவனை இங்க யாராலயும் கொல்ல முடியாது. அப்படின்னா இன்னிக்குக் காலைல அவன் வந்திருக்கான்... எங்கயோ உயிரோட இருக்கான்!"

கஸ் பிணத்தின் பக்கத்தில் குனிந்தார்.

பச்சைத் தொப்பியோடு ஒரு சூனியக்காரி முளைத்தாள். லோர்னா. டூசான் நகரக் கல்லூரி ஒன்றில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவள்.

"உயிரோடன்னா நீ எதைச் சொல்ற டோரீன்?"

"தாயே, இப்ப ஆரம்பிக்காதே! அவன் காலைப் பாரு!"

பார்த்தார்கள்.

குள்ளனின் பூட்ஸ் இல்லை!

கற்கோட்டையில் பிணம் கிடக்காது. கரையும். முழுசாகக் கரைந்தால் அந்த ஆள் அழிந்தே போவான். திரும்ப வரவே முடியாது.

"கதவைத் திறந்தவனுக்குக் கோடாலி வரவேற்பு!" என்றாள் டோரீன். "நாமதான் வெட்டினோம்னு நினைப்பான். அப்புறம் எதுக்கு இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பான்? யாரு வெட்டினது? கஸ்... நீயா?"

"எனக்கு ரொம்ப நாள் ஆசைதான். ஆனா என்கிட்ட இருக்கறது கத்தி."

"லோர்னா?"

"நான் கொலை பண்ணா முதல்ல விளக்கம் குடுப்பேன்."

"ஆமா. அதைக் கேட்டே செத்திருப்பான்." கஸ் முனகினார்.

முழங்கால்கள் மறைந்தன.

டோரீன் கோடாலியை உற்றுப் பார்த்தாள். அகலமான அலகு. பிடியில் எலும்பு. எங்கேயோ... தினமும் பார்த்த கோடாலி...

சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள்.

காவல் பூதம்! கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கிற பொம்மை. கையில் கோடாலியோடு எந்நேரமும் வாசலில் நிற்கும். வருகிறவர்களை எல்லாம் 'நல்வரவு' என்னும்.

இன்று அது வெறுங்கையோடு நின்றது!

"நல்வரவு!" என்றது பூதம், பல்லை இளித்து.

"அடப்பாவி... கஸ்! உன் சட்டம்!"

போன குளிர்காலத்தில் யாரோ நுழைந்து பீர்க் குவளைகளைத் திருடிப் போனார்கள். உடனே கஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒரு வருடம் தலைகாட்டாதவன் அந்நியன். அந்நியன் நுழைந்தால் பூதம் வெட்டலாம்! மூன்று பேரும் கை தூக்கினார்கள். வெண்டெலை யாருமே நினைக்கவில்லை.

"அந்நியன் மேல உயிர் மருந்து பலிக்காது. முதல்ல சட்டத்தை மாத்துவோம். அவனை எழுப்புவோம். மூணு ஓட்டும் விழணும். சீக்கிரம்!"

"நான் போட மாட்டேன்." கஸ் கவசக் கைகளைக் கட்டிக்கொண்டார். "கடைசியா என்ன சொல்லிட்டுப் போனான்? இந்தப் பூதத்துக்கும் ஓட்டுரிமை வேணுமாம்! பொம்மைக்கு ஓட்டு! அது தப்புன்னு அவன் ஒத்துக்கட்டும்."

"செத்துக் கிடக்கறவன் எப்படிய்யா ஒத்துப்பான்?"

"அது அவன் பிரச்னை."

இடுப்பு வரைக்கும் போய்விட்டது. பெல்ட் மட்டும் தரையில் மினுங்கியது.

டோரீன் மெதுவாகப் பேசினாள்.

"கஸ்... என் வீட்டுக்காரர் ரஸ் போனப்ப எல்லாரும் ஆறுதல் சொன்னீங்க. பூ அனுப்பினீங்க. வெண்டெல் மட்டும் ஒரு வார்த்தை சொல்லல. தினம் காலைல என்னை வம்புக்கு இழுத்தான். அவனுக்குப் பதில் சொல்லணுமேன்னுதான் நான் படுக்கையை விட்டு எழுந்தேன்."



கவசக் கை மேலே போனது.

"தூக்கிட்டேன். அழுது தொலைக்காதே... கீபோர்டு வீணாயிடும்."

"லோர்னா!"

"எழுந்து வர்றவன் அதே வெண்டெல்தான்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"லோர்னா...!"

"கையைத் தூக்கிட்டுத்தான்மா கேக்கறேன்!"

தாடி மட்டுமே பாக்கி. டோரீன் உயிர் மருந்துக் குடுவையை அதன் மேல் கவிழ்த்தாள்.

ஒரு விநாடி... இன்னொரு விநாடி...

தாடியின் கீழே குள்ளன் முளைத்தான்!

"எந்த முட்டாள்டா வெட்டினது?" ஹெட்போனில் கரகரத்தது அந்தப் பழைய குரல்.

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கய்யா போயிருந்த இவ்வளவு நாளா? கோவமா?"

"கோவமா? எனக்கா? பாஸ்வேர்டு மறந்துட்டேன். புதுசு வேணும்னா 'நான் இயந்திரம் அல்ல'ன்னு டிக் பண்ணச் சொல்றான். மனுஷனுக்குச் சுயபுத்தியே கிடையாது, எல்லாரும் இயந்திரம்தான்னு உங்ககிட்ட தொண்டை கிழியக் கத்தினவன் நான். எப்படி டிக் பண்றது?"

"இரண்டு வருஷமாவா?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல? நேத்து என் பொண்ணு வந்தா. அவளே டிக் பண்ணிட்டா. பொய் அவ கணக்கு."

கஸ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உன்னை வெட்டினது யாரு தெரியுமா வெண்டெல்? எந்தப் பூதத்துக்கு ஓட்டு வேணும்னு கொடி பிடிச்சியோ... அதே பூதம்!"

குள்ளன் வாசலைப் பார்த்தான். பூதம் இளித்தது.

"நல்வரவு!"

வெண்டெல் தாடியைத் தடவினான்.

"ஆதரிச்சவனையே முதுகுல வெட்டிட்டு, சிரிச்ச முகத்தோட வரவேற்பு வேற குடுக்குதா? ஓட்டு மட்டும் போதாது கஸ்... அதைத் தேர்தல்ல நிறுத்துங்க!"