ம்யூட் பொத்தான்

அன்று பிற்பகல் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஓய்வுபெற்ற நீதிபதி, அவர் மனைவி, இளைய மகள், அவளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்திருந்த டாக்டர், டாக்டரின் மனைவி. மூத்த மாப்பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை. வீட்டை மீறி மூத்தவளைக் கட்டிக்கொண்ட வயர்மேன் அவன். ஆறு வருடமாகியும் ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும், ‘மாமா’ என்ற சொல் அவன் வாயில் வரக் கூடாது என்பது நீதிபதி போட்ட சட்டம்.

ஆம்ப்ளிஃபயரோ வயர்க்குப்பையோ வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். அவனும் எல்லாவற்றையும் ஆள் நுழையும் சுவர் அலமாரிக்குள் தள்ளி, மரக்கதவால் மூடி, வெளியே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண்ணை மட்டும் விட்டிருந்தான். ரிமோட்டின் கட்டளை அதன் வழியாக உள்ளே போகும். நாலு ரிமோட்டுகளின் வேலையை ஒன்றுக்கே கற்றுக்கொடுத்திருந்தான். அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நீதிபதி நினைத்தார்.

மெல்லிய இசை ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் தான் வாங்கிய மூன்றாவது காரைப் பற்றி மூச்சுவிடாமல் அளந்துகொண்டிருந்தார். அப்போதுதான், இசைக்கு அடியில் யாரோ மரத்தை நகத்தால் கீறுவதுபோல ஒரு சத்தம் நீதிபதியின் காதில் விழுந்தது. சூடான தூசியின் நாற்றம் மூக்கில் ஏறியது. பிறகு நாலு ஸ்பீக்கரிலிருந்தும் மாப்பிள்ளையின் குரல்.

“மாமா, கதவைத் திறங்க. மூச்சு முட்டுது.”

முட்டாள், வயரைச் சரிசெய்ய உள்ளே போய் மாட்டிக்கொண்டான். அதைவிட அந்த ‘மாமா’ அவருக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த ரிமோட்டால் ஒலியைக் குறைத்தார். குரலும் குறைந்தது, கெஞ்சல் குறையவில்லை.

டாக்டர் பேச்சை நிறுத்தினார். “உள்ள யாராவது இருக்காங்களா?”

எழுந்து கதவைத் திறந்தால் வேர்த்து வழிந்துகொண்டு ஒரு வயர்மேன் வெளியே வருவான். இவன் யார் என்று கேட்பார்கள். இளையவளின் சம்பந்தம் அதோடு போச்சு.

“ஏதோ படத்துல வர்ற குரல்,” என்று சொல்லிவிட்டு நீதிபதி ம்யூட்டை அழுத்தினார்.

நின்றது.

டாக்டர் சிரித்தார். நல்ல நாள் பார்த்துவிடலாம் என்றார்.

வாசலில் செருப்புச் சத்தம். மாப்பிள்ளை நின்றிருந்தான்.

“லேட்டாயிடுச்சு சார். ரிமோட்டுக்குப் பேட்டரி கிடைக்கல. பழசை மாதிரிக்குக் கழட்டிட்டுப் போயிருந்தேன்.”

நீதிபதி ரிமோட்டைத் திருப்பிப் பேட்டரி மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு கம்பிச் சுருள். வேறொன்றும் இல்லை.

மரக்கதவு திறந்தது. ஓசையில்லாமல். டாக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை. நகமில்லாத விரல்கள். நீதிபதியின் பிடியிலிருந்து ரிமோட்டைப் பணிவாக வாங்கின. அவர் முகத்துக்கு நேராக நீட்டி ஒரு பொத்தானை அழுத்தின.

சம்பந்தம் முறிந்த அவமானத்தில் நீதிபதி அன்றிலிருந்து வாயே திறப்பதில்லை என்று வேலையற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். தவறு. வாய் திறந்துதான் இருக்கிறது. அன்று கத்த ஆரம்பித்தவர், இன்னும் நிறுத்தவில்லை.