பல்லிடுக்கில் ஊக்கு

"இருங்க, ஊக்கைக் குத்திக்கிறேன். ஊருக்கெல்லாம் அழகு பண்ற கை, பொண்டாட்டியை மட்டும் அலங்கோலமா எடுக்குது" என்றாள், ஊக்கைப் பல்லிடுக்கில் கடித்தபடியே. அதற்குள் அவன் படம் எடுத்துவிட்டான். அடுத்த வாரம் அவள் உயிரோடு இல்லை.

ஸ்டுடியோவில் அவன் படங்களில் குறை திருத்தும் டச்சப் ஆள். சுவரில் மாட்ட அந்தப் படத்தைக் கணினியில் திறந்ததும் கை தன் பழக்கத்தில் போயிற்று. பல்லிடுக்கிலிருந்த ஊக்கை நீக்கினான். விரிந்த உதடுகளைச் சேர்த்தான். நெற்றியில் பறந்த முடியை அழித்தான். கண்ணீரில் திரை கலங்கியதில், நகல் எடுக்க மறந்து மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிட்டான்.

பள்ளி விட்டு ஸ்டுடியோவுக்கு வந்த மகள் திரையைப் பார்த்தாள்.

"இது யாருப்பா?"

"அம்மாதான்டி."

"அம்மா மாதிரி வேற யாரோ" என்று சொல்லிவிட்டு வெளி அறைக்குப் போய்விட்டாள்.

வெளியே மழை கொட்டியது. மூடிய அறையில் அச்சு மையின் நெடியும் சூடேறிய கணினியின் வாடையும் தொண்டையை அடைக்க, அவன் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். கடற்கரையில் வாய்விட்டுச் சிரித்த படம். காய்ச்சலில் முகம் சுளித்த படம். அவன் தொடாத படங்கள் அவை. எல்லாவற்றிலும் அதே முகம். அதே சேர்ந்த உதடுகள்.

மனைவி தன்னை எந்தக் குரலில் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தான். மின்விசிறியின் இரைச்சல்தான் கேட்டது.

"போயிடாதே" என்று முணுமுணுத்தபடி ஊக்கைத் திரும்ப வரைந்தான். அது தோலின் மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அழித்தான். உதடுகளைப் பிரிக்க, படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். உதடுகளுக்கு நடுவே கோடு இல்லை. வெறும் தோல்.

சட்டையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். மகளின் கை.

"என்ன கண்ணு, சொல்லு."

 மூக்கால் மட்டும் மூச்சு. வேகமாக.

திரும்பினான்.

அவள் கன்னங்கள் உப்பின. தொண்டை ஏறி இறங்கியது. மூக்குக்கும் தாடைக்கும் நடுவே வெறும் தோல். சுத்தமான வேலை. பிசிறே இல்லை. அவன் கைவேலை.

பாய்ந்து விசைகளை அழுத்தினான். செய்ததைத் திருப்பு. திருப்பு. திருப்பு.

இடுப்பை இரண்டு சின்னக் கைகள் இறுக்கின. அவன் முதுகில் அவள் முகம் புதைந்து அதிர்ந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

திரையில் அம்மாவின் முகம் மாசுமருவில்லாமல் அப்படியே இருந்தது.