தும்மலின் பறவைகள்

மூடிக்கு வீட்டில் வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒன்றாம் வகுப்பில் ஒரு பை நிறைய பாட்டில் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கொட்டினாள் பாருங்கள், அன்றிலிருந்து பள்ளிக்கூடமே அவளை மூடி என்றுதான் கூப்பிட்டது. இப்போது நான்காம் வகுப்புக்குப் போகப் போகிறாள். பெயரும் கூடவே வருகிறது.

அந்த மூடிகள் எல்லாம் ரயில் சக்கரங்கள் ஆயின. ஒன்றாம் வகுப்புச் சுவரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே ரயில். ஆளுக்கொரு பெட்டி. ஜன்னலுக்குத் தீப்பெட்டி, பயணிகளுக்குச் சட்டைப் பொத்தான், புகைக்குப் பஞ்சு. எல்லாம் அங்கே இங்கே பொறுக்கியதுதான்.

மூடியின் பெட்டிக்கு அடுத்தது தும்மலின் பெட்டி. எப்போது பார்த்தாலும் தும்மிக்கொண்டே இருப்பான், அதனால் அந்தப் பெயர். அவளுடைய உயிர்த்தோழன். பென்சில் சீவல்களை உள்ளங்கையில் குவித்து, தன் பெட்டியில் ஒட்டப் போனான். பாழாய்ப்போன தும்மல் அந்த நேரம் பார்த்துத்தான் வர வேண்டுமா? அத்தனை சீவலும் பறந்துபோய், சுவரில் பூசியிருந்த காயாத நீல வானத்தில் அப்பிக்கொண்டன. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அட, பறவையெல்லாம் வந்துடுச்சே," என்றார் டீச்சர்.

வகுப்பே சிரித்தது. அழ வாயெடுத்தவனும் சிரித்துவிட்டான்.

அடுத்த வருடமே தும்மலின் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பைக் கடக்கும்போதெல்லாம் மூடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். பறவைகள் வானத்திலேயே இருக்கும். பார்த்துவிட்டால் அவளுக்கு மனசு நிறைந்துவிடும்.

விடுமுறை முடியப் போகிற நேரத்தில் அவள் தலையில் இடி விழுந்தது. அதுவும் சொந்த வீட்டிலேயே. அவளுடைய அப்பா பெயிண்டர்.

"நாளைக்கு உங்க ஸ்கூல்லதான் எனக்கு வேலை. ஒண்ணாம் கிளாஸுக்குப் புதுசா பெயிண்ட் அடிக்கணும்," என்றார்.

மூடிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அப்ப எங்க ரயில்?"

"சுரண்டிட்டுத்தாம்மா அடிக்கணும். சுவரே உதிருது. பாதிச் சக்கரத்தைக் காணோம்."

"அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுடுங்கப்பா."

"ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார். நான் என்னம்மா பண்றது?"

மறுநாள் மூடியும் அப்பாவோடு கிளம்பினாள். உதவிக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நேரே போய், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ரயிலுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அப்பா பெருமூச்சு விட்டுவிட்டு எதிர்ச் சுவரைச் சுரண்டத் தொடங்கினார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பொடிசு வந்து நின்றாள். முன்பற்கள் இரண்டைக் காணவில்லை. அவளுடைய அம்மா ஆபீஸ் அறையில் பள்ளியில் சேர்க்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதானே ஒண்ணாம் கிளாஸ்?"

"ஆமா."

"நான் இங்கதான் சேரப் போறேன். இங்க சுவத்துல படம் ஒட்டுவாங்களாமே?"

அவள் கையிலிருந்த பையைத் தரையில் கவிழ்த்தாள். ஐஸ் குச்சிகள், உடைந்த சீப்பு, ஜோடி தொலைந்த ஒரு சாக்ஸ். பிறகு ரயிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"இதுல என் பெட்டி எது அக்கா?"

மூடியும் திரும்பிப் பார்த்தாள். ஒரு விரல் வைக்கக்கூட இடமில்லை. அவளுக்குப் பின்னால் ஒன்றாம் வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்த ரயிலை வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையும் அது ஏற்றிக்கொள்ளவில்லை. இது இத்தனை நாள் அவளுக்குத் தோன்றவே இல்லை.

விரித்த கைகள் தாமாகவே இறங்கின.

"அப்பா, அந்தச் சுரண்டுற தகட்டைக் குடுங்க. நானே எடுக்கறேன்."

மூடிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் காலி பெயிண்ட் டப்பாவில் போட்டாள். கடைசியில் பறவைகளிடம் வந்தாள். தொட்டதுமே தூள்தூளாக உதிர்ந்துவிட்டன. அவளுக்குத் தும்மலே இன்னொரு முறை ஊரைவிட்டுப் போவதுபோல இருந்தது. அழுதுகொண்டே மிச்சத்தையும் சுரண்டி முடித்தாள். அப்பா வேலையை நிறுத்திவிட்டு, சுண்ணாம்புக் கையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் படம் செய்யும் நாளும் வந்தது. டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, மூடி தன் டப்பாவோடு போனாள்.

இந்த முறை சுவரில் கடல். பழைய சக்கரங்கள் மீன்களுக்குக் கண்கள் ஆயின. உடைந்த சீப்பு ஒரு மீனுக்கு முள்ளாயிற்று. ஒற்றைச் சாக்ஸைத் திமிங்கிலம் என்று பொடிசு அடித்துச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. கடலுக்கு மேலே, அப்போதுதான் பூசிய வானம் ஈரமாக, காலியாக இருந்தது.

மூடி தன் பென்சில் டப்பாவைத் திறந்து, சேர்த்து வைத்திருந்த சீவல்களைப் பொடிசின் உள்ளங்கையில் கொட்டினாள்.

"இப்ப தும்மு."

பொடிசு மூக்கைச் சுருக்கிப் பார்த்தாள். "வரலையேக்கா."

கேட்டால் வருமா அது? கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் சீவலைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பு மொத்தமும் ஒன்றாகச் சேர்ந்து "ஹச்சூ" என்று கத்தியது. பாதிச் சீவல் வானத்துக்குப் போனது. மீதி டீச்சரின் தலைமுடிக்குப் போனது.

"இது என்ன பறவைக்கா?" என்று கேட்டாள் பொடிசு.

"என் ஃப்ரெண்டோடது," என்றாள் மூடி. "வேற ஊருக்குப் போயிருந்துச்சு. இப்பதான் திரும்பி வருது."